நான்காம் இணைப்பு

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிரிக்ஃபீல்ட்ஸில் மகளின் பாலர் பள்ளி வாசலில் காரை நிறுத்தியிருந்தேன். பின்னிருக்கையில் எட்டு மாத மகன் தூங்கிக்கொண்டிருந்தான். வானொலியில் தமிழ்ச் செய்தி ஓடியது. அரசாங்கத்தின் ஓர் உதவித் திட்டம் ஏன் மக்களிடம் சேரவில்லை என்று நாடாளுமன்றத்தில் யாரோ கேட்டிருக்கிறார். அமைச்சர் பதில் சொல்லியிருக்கிறார்: "கொள்கையில் குறை இல்லை. அமலாக்க நிலையில் ஏற்பட்ட தாமதமே காரணம். அது கண்டறியப்பட்டு, உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது."

அந்த மூன்று வாக்கியங்களும் நான் எழுதியவை.

ஐந்தாண்டுகளுக்கு முன்பு, வேறோர் அமைச்சருக்கு, வேறொரு திட்டத்துக்காக மலாயில் எழுதினேன். செய்தி வாசித்தவர் தமிழில் சொன்னபோதும் உடனே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், அலுவலகத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் ஷர்மினிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். அவள் குரல் பதிவாகவே பதில் அனுப்பினாள்.

"ஆமாக்கா, உங்க ஃபைல்லேந்துதான் எடுத்தேன். சூப்பர் பத்தி-லா அது. போட்டா யாருமே திரும்பக் கேக்க மாட்டேங்கறாங்க."

அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. வேலை அனுபவத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அறுபது வயது தாண்டியவர்கள். எனக்கு முப்பத்து நான்கு. ஒன்பது ஆண்டுகள் அரசு வேலை பார்த்துவிட்டு, இரண்டாவது பிரசவ விடுப்பு முடிந்ததும் விலகிவிட்டேன். மனச்சாட்சி உறுத்தியதால் விலகினேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மையில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

நான் இருந்தது ஓர் அமைச்சின் நாடாளுமன்றப் பிரிவு. எந்த அமைச்சு என்று சொல்லப் போவதில்லை. மற்ற பிரிவுகள் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்குப் போய்விட்டன. எங்கள் பிரிவு மட்டும் பங்சாரில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலேயே தங்கிவிட்டது. பல்கலைக்கழகம் முடித்த கையோடு ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் நகல் எடுத்தேன், கோப்பு அடுக்கினேன், பெரியவர்களின் பட்டங்களைப் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

வேலை இப்படி நடக்கும். நாடாளுமன்ற உறுப்பினர்களின் கேள்விகள் எண்ணிட்டு எங்களுக்கு வரும். சம்பந்தப்பட்ட அலுவலகங்களிடம் விவரம் கேட்டு வாங்குவோம். அமைச்சர் மூன்று நிமிடத்தில் வாசித்து முடிக்கும்படி, கண்ணாடி இல்லாமலேயே படிக்கும்படி பெரிய எழுத்தில் பதில் எழுதுவோம். பதிலுக்குப் பின்னால் இணைப்புகள் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு வண்ணத் தாள் ஒட்டுவோம். அவையில் துணைக் கேள்வி எழும்போது அமைச்சர் புரட்டுவது இந்த இணைப்புகளைத்தான். அதில் இருப்பது அவருக்குத் தெரியும். இல்லாதது தெரியாது.

பிரிவுத் தலைவர் தேவராஜ் சார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர், ஞாயிறு தவறாமல் மெதடிஸ்ட் தேவாலயத்துக்குப் போகிறவர். ஆளைக் கூப்பிட்டுத் திட்டியதே கிடையாது. நாம் எழுதிய பதிலை இடது கையில் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்று, அமைச்சர் வாசிப்பதைப் போலவே உரக்க வாசிப்பார். வலது கையில் பால் சேர்க்காத கோப்பி-ஓ நிரம்பிய மக்கு இருக்கும். எந்த இடத்தில் குரல் தடுக்குகிறதோ அங்கே நிறுத்தி ஒரு வாய் குடிப்பார். "இந்த எடம் சூடா இருக்கும்மா. ஆற வை," என்பார். அவ்வளவுதான் திருத்தம். என்ன செய்ய வேண்டும் என்பது நமக்குப் புரிந்துவிடும்.

அவர் எனக்குக் கற்றுத்தந்தது பதிலின் அமைப்பு. முதல் பத்தி, கேட்டவருக்கு நன்றி. இரண்டாவது, உலகச் சந்தை. மூன்றாவது, முந்தைய நிர்வாகம். நான்காவது, எடுக்கப்படும் நடவடிக்கை. எண்ணெய் விலை ஏறினால், மானியச் சுமையைத் தாங்க முடியவில்லை என்று எழுதுவோம். இறங்கினால், நாட்டின் எண்ணெய் வருமானம் குறைந்துவிட்டது என்று எழுதுவோம். இரண்டும் பொய்யில்லை. எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாட்டில் விலை எந்தப் பக்கம் போனாலும் பற்றாக்குறைதான் என்பதை என் கையாலேயே பல முறை எழுதியிருக்கிறேன். அப்போது விசித்திரமாகத் தோன்றியதில்லை. கணினியில் மூன்றாவது பத்திகளுக்கென்று தனிக் கோப்பு வைத்திருந்தேன். ஷர்மினி சொன்ன கோப்பு அதுதான்.

ஆட்சி மாறியது. பிறகு மறுபடியும் மாறியது. முதல் முறை மாறியபோது தேவராஜ் சார் சிரித்தார். "ரொம்ப சுலபம் ரேவதி. முந்தைய நிர்வாகம்னு இருக்கறத அப்படியே வுட்டுரு. ஆளுங்க மாறிட்டாங்க, பத்தி மாறல."

இரண்டாவது முறைதான் மாட்டிக்கொண்டேன். டீசல் மானியம் பற்றிய ஒரு கேள்விக்கு, பழக்க தோஷத்தில் மூன்றாவது பத்தியை எடுத்து ஒட்டிவிட்டேன். முந்தைய நிர்வாகத்தின் திட்டமிடாத முடிவு, அதன் விளைவை இந்த அரசு சுமக்கிறது என்றெல்லாம் அதில் இருந்தது. சார் எழுந்து நின்று கணீரென்று வாசித்துக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் நின்றுவிட்டார். கோப்பி குடிக்கவில்லை. மக்கை மேசையில் வைத்தார்.

"ரேவதி, அந்த முந்தைய நிர்வாகத்துல இதே எலாகாவுக்கு அமைச்சர் யாரு?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. அதே ஆள். கட்சி மாறி, புதிய ஆட்சியிலும் அதே நாற்காலிக்கு வந்திருந்தார்.

"ஏம்மா, அவரு எழுந்து நின்னு அவரயே திட்டிக்கணுமா? நல்ல வேளை, வாசிச்சுப் பாத்தேன்."

பக்கத்து மேசை மலாய்க்கார அக்கா கக் ரோஹானா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மதியம் முழுவதும் அலுவலகத்தில் அதுவே பேச்சு. அன்று நாங்கள் யோசிக்காதது ஒன்று. அந்த அமைச்சர் இருக்கும்வரை மூன்றாவது பத்தி எங்களுக்கு உதவாது. பழியை மேலே, முன்பு ஆண்டவர்கள்மீது போட முடியாது என்றால் அது வேறு பக்கம் போக வேண்டும். கீழே போயிற்று.

டீசல் மானியத்தை எல்லாருக்கும் தராமல், தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் அட்டை வழியாகத் தருவது என்று முடிவானது. பள்ளி வேன் ஓட்டுகிறவர்களும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் முகப்பு அலுவலகங்களில் ஒன்று கிள்ளானில் இருந்தது. அதன் பொறுப்பாளர் குணசேகரன் அண்ணன். பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. குமாஸ்தாவாகச் சேர்ந்து, உதவி அதிகாரியாக உயர்ந்தவர், ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன. நான் கேட்கும் விவரத்தைக் கேட்ட அன்றே அனுப்பும் ஒரே ஆள் அவர்தான். தொலைபேசியை எடுத்தால் முதல் கேள்வி, "பசியாறிட்டியா தங்கச்சி?" என்பதாக இருக்கும்.

திட்டம் எப்போது தொடங்கலாம் என்று எல்லா முகப்புகளையும் கேட்டிருந்தார்கள். குணசேகரன் அண்ணன் ஒரு மெமோ எழுதி அனுப்பினார். பிரதி எங்கள் பிரிவுக்கும் வந்தது. அரைப் பக்கம்தான். வேன்காரர்களில் பலருடைய வேன் வேறொருவர் பெயரில் இருக்கிறது, பத்திரம் மாற்ற அவகாசம் வேண்டும். தன்னிடம் இருப்பது இரண்டே பணியாளர்கள். எட்டு வாரம் தந்தால் ஒருவரும் விடுபடாமல் முடித்துவிடலாம். அதற்கு முன் விலையை உயர்த்தினால் பள்ளி வேன்கள்தான் முதலில் நிற்கும்.

தலைமை எட்டு வாரம் காத்திருக்கவில்லை. அமைச்சர் ஒரு மேடையில், கைதட்டலுக்கு நடுவே, திட்டம் இரண்டு வாரத்தில் தொடங்கும் என்று அறிவித்துவிட்டார். அறிவித்தபடியே தொடங்கியது.

மூன்றாவது வாரம், விவரம் சேகரிக்கக் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். அப்போது மகள் வயிற்றில் ஆறு மாதம். முகப்பு வாசலிலிருந்து வரிசை படிக்கட்டில் இறங்கி, கீழே சாப்பாட்டுக் கடைவரை நின்றது. குணசேகரன் அண்ணன் முகப்புக்கு வெளியே நாற்காலி போட்டு, மலாய் விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்குத் தானே நிரப்பிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுப் பெண் ஒருவர், பள்ளி வேன் ஓட்டுகிறவர், என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"மிஸ், நீங்க கேஎல் ஆபீஸ்லேந்து வந்தவங்களா? ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம நாட்டுல எண்ணெய்க் கெணறு இருக்குன்னு ஸ்கூல்ல படிச்சோம்லா. அது யாரு வூட்டுக் கெணறு?"

வரிசையில் சிரிப்பு. "அக்கா, கேட்டா மட்டும் பக்கெட்டுல ஊத்திருவாங்களா?" என்றது ஒரு குரல்.

"சிரிங்க, சிரிங்க. பதிமூணு பிள்ளைங்கள ஏத்துறேன். வேன் காசு ஏத்துனா அஞ்சு பேரு நின்னுருவாங்க. நிக்கிறது யாரு பிள்ளைங்கன்னு எனக்குத் தெரியும்."

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கர்ப்பிணி நிற்கிறாளே என்று அந்த அக்காவே எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் கேள்வி வந்தது. தாமதத்துக்கு யார் பொறுப்பு? எழுத எனக்கு ஒதுக்கினார்கள். உலகச் சந்தையைச் சொல்ல முடியாது. முந்தைய நிர்வாகத்தைச் சொல்ல முடியாது. நான் முதலில் எழுதியதில், திட்டம் திட்டமிட்டதற்கு முன்பே தொடங்கப்பட்டதால் சரிபார்ப்பு முடியவில்லை என்று இருந்தது. ஐந்து இணைப்புகள் வைத்தேன். குணசேகரன் அண்ணனின் மெமோ நான்காம் இணைப்பு. பச்சை வண்ணத் தாள்.

தேவராஜ் சார் எழுந்து நின்று வாசித்தார். "திட்டமிட்டதற்கு முன்பே" என்ற இடத்தில் கோப்பி குடித்தார். பிறகு உட்கார்ந்து இணைப்புகளைப் புரட்டினார். நான்காவதில் நின்றார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கதவு சாத்தினால்தான் அவர் தமிழ் பேசுவார்; இதுவரை அவர் சொன்னதாக எழுதியவையெல்லாம் மலாயில் சொன்னவை.

"இது ரொம்ப சூடும்மா."

"உண்மைதானே சார். அவரு முன்னாடியே சொல்லிருக்காரு."

"உண்மை இல்லன்னு நான் சொல்லல. அமைச்சரு கையில இது இருந்தா, தெரிஞ்சே செஞ்சாருன்னு ஆயிடும். தெரியலன்னா, கீழ லேட் ஆயிடுச்சு, அவ்வளவுதான். யாரு பேரும் சொல்லப் போறதில்ல. அமலாக்க நிலைன்னு போடு. ஒரு வாரத்துல மறந்துருவாங்க." கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தார். "எனக்கு மேலயும் ஒருத்தர் இருக்காரும்மா. உனக்கு நிரந்தர இன்டர்வியூ எப்ப?"

"அடுத்த மாசம் சார்."

"ம். ஒடம்பப் பாத்துக்க."

மிரட்டினாரா, அக்கறையாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் முறை யோசித்துவிட்டேன். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவர் வேறு யாரிடமாவது கொடுத்திருப்பார் என்று ஒரு நாள் தோன்றும். சொல்லியிருந்தால் அவரும் தயங்கியிருப்பார் என்று மறுநாள் தோன்றும். நான் சொல்லிப் பார்க்கவில்லை என்பது மட்டும்தான் நிச்சயம்.

என் மேசைக்குத் திரும்பி, பச்சைத் தாளை உரித்தேன். மெமோவை எடுத்துப் பொதுக் கடிதங்கள் கோப்பில் செருகினேன். ஐந்தாம் இணைப்பின் எண்ணை நான்காக மாற்றினேன். பிறகு அந்த மூன்று வாக்கியங்களை எழுதினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சார் மறுபடி எழுந்து நின்று வாசித்தார். எங்குமே தடுக்கவில்லை.

அவை நேரலையை அலுவலகத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அமைச்சர் தெளிவாக வாசித்தார். உடனே எதிர்த்தரப்பில் ஒருவர் எழுந்து துணைக் கேள்வி கேட்டார். இப்படி ஆகும் என்று அதிகாரிகள் யாராவது முன்கூட்டியே எச்சரித்தார்களா? அமைச்சர் கோப்பைப் புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவர் விரல் ஒவ்வொரு வண்ணத் தாளையும் தொட்டதைத் திரையில் பார்த்தேன். நிமிர்ந்து, "அப்படி எந்த எச்சரிக்கையும் என் கவனத்துக்கு வரவில்லை," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் முடியுமா என்று மேடை ஏறும் முன் கேட்டிருக்க வேண்டியது அவருடைய கடமை. அவர் கேட்கவில்லை. ஆனால் அன்று அவர் கையில் அந்த அரைப் பக்கம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை இனி யாராலும் அறிய முடியாது. அந்த வாய்ப்பை அவரிடமிருந்தும் நான் எடுத்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் யாரும் மறக்கவில்லை. எந்த முகப்பு என்று பத்திரிகைகள் கேட்டன. மிக நீண்ட வரிசையின் படம் கிள்ளானில் எடுத்தது. குணசேகரன் அண்ணனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அன்று முற்பகல் அழைத்தார். பசியாறினாயா என்று கேட்கவில்லை.

"தங்கச்சி, என் மெமோ ஒங்களுக்குக் கெடச்சுதா?"

"கெடச்சுது அண்ணே."

"அப்பாடா. அமைச்சரு இல்லங்கறாரே, நான்தான் அனுப்பாம வுட்டுட்டேனோன்னு நெனச்சேன். ரெண்டு நாளா என் டிராயரக் கொட்டித் தேடிட்டு இருக்கேன்லா."

இதுதான் நான் பேச வேண்டிய நேரம். "நான் பாக்கறேன் அண்ணே," என்றேன்.

அவர் தன் பதிலில் மெமோவைப் பற்றி எழுதினார். பணியாளர் பிரிவு எங்களிடம் எழுத்தில் கேட்டது: அமைச்சருக்குச் சமர்ப்பித்த கோப்பில் அப்படி ஓர் ஆவணம் உண்டா? நான் பதில் எழுதினேன்: சமர்ப்பித்த கோப்பில் அத்தகைய இணைப்பு இல்லை. தேவராஜ் சார் அதையும் நின்று வாசித்தார். கையெழுத்துப் போடும்போது, "இதுல பொய் இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

குணசேகரன் அண்ணனை ஸ்ரீ கெம்பாங்கானில் பழைய கோப்புகளும் உடைந்த நாற்காலிகளும் வைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். கடைசி இரண்டு ஆண்டுகளை அங்கே கழித்தார். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. பிரியாவிடை விருந்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அன்று அவளுக்குக் காய்ச்சல் இல்லை. எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது, அதன் பிறகு நான்கு பேருக்குப் பயிற்சியும் கொடுத்தேன். அவர்களில் ஒருத்தி ஷர்மினி.

வானொலியில் அந்தப் பத்தியைக் கேட்ட வார இறுதியில், ஒரு சனிக்கிழமை காலை, மகன் தூங்கும் நேரம் பார்த்து அவருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எண் மாறியிருக்கும், எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். எடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன்.

"யாரு? பார்லிமெண்டு ரேவதியா? பசியாறிட்டியா தங்கச்சி?"

பந்திங்கில் வீட்டோடு இருக்கிறாராம். நான் சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். "அண்ணே, அந்த மெமோவ நான் நாலாவதா வச்சிருந்தேன். அப்பறம் நானே எடுத்துட்டேன்," என்றேன்.

பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போவது கேட்டது.

"எடுத்துட்டியா."

"ஆமா அண்ணே."

"அப்ப அந்த ஆளுக்கு நெசமாவே தெரியாதா?"

"தெரியாது."

"அட கடவுளே. அஞ்சு வருசமா அந்த மூஞ்சி டிவில வர்றப்பல்லாம் திட்டிட்டு இருக்கேன். போன வாரங்கூட. என் பொஞ்சாதி டிவிய அடைச்சிட்டா." சிரித்த மாதிரி இருந்தது, பிறகு சிரிப்பில்லை. "ஒன்ன ஒரு நாளும் திட்டலியே தங்கச்சி. ஒனக்கு நெரந்தரம் ஆயிடுச்சுன்னு கேட்டப்ப சந்தோசந்தான் பட்டேன்."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நடந்ததைப் பத்திரிகையில் எழுதலாம் என்றிருக்கிறேன், உங்கள் பெயரோடு எழுதுகிறேன், தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியட்டும் என்றேன்.

"பேரு வேணாம்மா. என் மக இப்ப கவர்மெண்டுலதான் இருக்கா. கண்ட்ராக்டு. இன்னும் நெரந்தரம் ஆகல."

அதனால்தான் இதில் உள்ள பெயர் அவருடைய பெயரில்லை. அவருடைய உண்மைப் பெயரை அன்று ஒரு கோப்பிலிருந்து எடுத்தேன். இன்று இந்தக் கட்டுரையிலிருந்தும் எடுத்திருக்கிறேன். ஷர்மினியிடம் அந்தப் பத்தியை அழித்துவிடச் சொன்னேன். "பாஸ் கேட்டா என்ன சொல்றதுக்கா?" என்று கேட்டாள். அழித்தாளா என்று தெரியவில்லை.

தொலைபேசியை வைக்கும் முன் குணசேகரன் அண்ணன் ஒன்று கேட்டார்.

"எழுதறதா இருந்தா ஒண்ணு மட்டும் சரியாப் போடு தங்கச்சி. வேலைய செய்ய மாட்டேன்னு நான் சொல்லல. எட்டு வாரம் கேட்டேன். முடிச்சுக் குடுத்துருப்பேன்."

போட்டுவிட்டேன் அண்ணே. எட்டு வாரம்.